தலையைச் சுற்றாமல் மூக்கைத் தொடும் வழி

"தலையைச் சுற்றி மூக்கைத் தொடாதே" என்பார்கள் பெரியவர்கள். நேராகக் கையை மடக்கினால் அரை விநாடியில் முடிகிற காரியத்துக்கு, கையைப் பிடரி வழியாகக் கொண்டுபோய் அவஸ்தைப்படுவானேன் என்பது அதன் தாத்பரியம். ஆனால் தெற்கேயிருந்து திருப்பதிக்குப் போகிற குடும்பங்களில் பல, இந்தக் காரியத்தைத்தான் வருஷம் தவறாமல் செய்துகொண்டிருக்கின்றன!

திருச்சியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை விடியற்காலை குடும்பத்தோடு திருப்பதிப் பிரயாணம். சமையலறையில் புளிக்காய்ச்சல் கொதிக்கிறது. கூடத்தில் யாத்திரைத் திட்டம் கொதிக்கிறது.

"நாலு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குத் தாம்பரம். அதற்கப்புறம் கொஞ்சம் நெரிசல் இருக்கும், அவ்வளவுதான்" என்கிறார் குடும்பத் தலைவர்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள். தாம்பரம் தாண்டுவதற்குள் புளியோதரை தீர்ந்து, குழந்தைகள் தயிர்சாதத்துக்கு வந்துவிட்டார்கள்!" என்கிறாள் மனைவி.

"வேறே எப்படித்தான் போவதாம்? பறந்து போக முடியுமா?"

"செங்கல்பட்டிலேயே திரும்பிவிடலாமே. காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி என்று போனால் பட்டணத்தைத் தொடவே வேண்டாமாம். எதிர்வீட்டு மாமி அப்படித்தான் போய்விட்டு வந்தார்கள்."

குடும்பத் தலைவருக்குச் சந்தேகம் தட்டுகிறது. "காஞ்சிபுரம் வழியாகவா? வழிக்காகச் சொல்கிறாயா, புடவைக்காகச் சொல்கிறாயா?"

"இரண்டுக்கும்தான்!"

இந்தச் சம்பாஷணை எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். அந்த அம்மாள் சொல்வதில் புடவை ஒரு பாதி என்றாலும், மற்றொரு பாதி அசல் பூகோளம். காகிதத்தில் ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள். ஒரு முனை செங்கல்பட்டு. ஒரு முனை சென்னை. மூன்றாவது முனை திருத்தணி. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கு எண்பதுக்கு மேல். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக நேரே திருத்தணிக்குப் போனாலும் சுமார் எண்பத்தைந்துதான். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைவிட மூன்றாவது பக்கம் சிறியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இதுதான்! கிராமத்து வழியே போகிறவர்களை 'சுற்றிப் போகிறார்கள்' என்கிறோம். உண்மையில் தலையைச் சுற்றுகிறவர்கள் பட்டணத்துக்குள் நுழைகிறவர்களே.

வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. திண்டிவனத்திலேயே இடது கைப்பக்கம் ஒதுங்கி, வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் சேருகிறவர்கள் உண்டு. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டருக்குப் போடப்பட்டிருக்கும் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, நகரத்தின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அது பட்டணம் தன் சௌகரியத்துக்காகத் தானே போட்டுக்கொண்ட ஒட்டியாணம். நாம் இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல. பட்டணத்துக்காகப் பிறக்காமல், தன் பாட்டுக்கு ஊர்களைக் கோத்துக்கொண்டு கிடந்து, இப்போது பட்டணத்தின் பாரத்தைச் சுமக்கும்படி நேர்ந்துவிட்ட ஒரு நாட்டுப்புறச் சாலையைப் பற்றி.

கடலிலிருந்து குன்று வரை

நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் அதற்கு மாநில நெடுஞ்சாலை 58 என்று பெயர். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர்கள் கட்டிய பாழடைந்த கோட்டைக்குப் பக்கத்தில், கடற்காற்றில் தொடங்குகிறது. திருக்கழுக்குன்றத்தின் மலையடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு வருகிறது. அங்கே திருச்சி நெடுஞ்சாலையைச் சந்தித்துவிட்டு, பாலாறு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் என்று நடந்து திருத்தணியில் முடிகிறது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் சதுரங்கப்பட்டினத்திலேயே இதைப் பிடித்துக்கொள்ளலாம். திருச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, செங்கல்பட்டில் இடது பக்கம் திருப்பம். அப்படித் திரும்பிவிட்டால், செங்கல்பட்டுக்கு அப்பாலுள்ள பரனூர் சுங்கச்சாவடியின் வரிசையும் மிச்சம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இத்தனை சிறிய சாலை இன்றைக்கு நான்கு மாவட்டங்களைக் கடக்கிறது: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவள்ளூர். 1997 வரையில் செங்கல்பட்டும் காஞ்சியும் திருத்தணியும் ஒரே மாவட்டமாக இருந்தவை. அந்த வருஷம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாயின. 2019-ல் செங்கல்பட்டு தனியாக வந்தது. அரக்கோணம் அதே வருஷம் ராணிப்பேட்டையோடு போயிற்று. மாவட்டங்கள் பாகப்பிரிவினை செய்துகொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டன. பொதுச் சொத்தாக மிஞ்சியிருப்பது இந்தச் சாலைதான்.

ரயில் முந்திக்கொண்டது

சென்னையை ஒதுக்கிவிட்டுப் போகலாம் என்ற யோசனை நம் எதிர்வீட்டு மாமிக்குத்தான் முதலில் தோன்றியது என்று எண்ணிவிட வேண்டாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அந்தத் தடத்தில் இருந்தது அரக்கோணம். ஒன்பது வருஷம் கழித்து, 1865-ல், இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற ஒரு நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் நீளத்தில் ஒரு சிறிய ரயில் பாதை போட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி மூன்றரை அடிதான். பிற்பாடு அது மீட்டர் கேஜாக மாறி, தெற்கே செங்கல்பட்டு வரை நீண்டு, தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்தது. நம் காலத்தில் அகலப் பாதையாகவும் ஆகிவிட்டது. ஆக, தெற்கிலிருந்து வருகிற ரயில் எழும்பூரைப் பார்க்காமலே வடக்கேயும் மேற்கேயும் திரும்பிவிட வழி உண்டாயிற்று. புதுச்சேரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் ரயில் இந்தத் தடத்தில்தான் போகிறது.

சாலையும் தண்டவாளமும் செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் வரை ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காத ஓரகத்திகள் மாதிரி, சில இடங்களில் கூடவும், சில இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டும் போகின்றன. இடது பக்கம் பாலாறு.

மணலும் மருத்துவமும்

பாலாற்றைப் பற்றி என்ன சொல்வது? பெயரில் பால், பார்வைக்கு மணல். வருஷத்தில் பெரும்பாலான நாட்களுக்கு ஆற்றிலே தண்ணீர் தரைக்கு மேலே ஓடுவதில்லை, அடியிலே ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற வருஷங்களில் மட்டும் கரையை முட்டிக்கொண்டு வந்து, 'நானும் நதிதான்' என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறது.

பாலூரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் பழைய சீவரம். சாலையை ஒட்டினாற்போல ஒரு குன்று. அதன்மேல் லக்ஷ்மி நரசிம்மர் கோயில். குன்றின் எதிரே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கின்றன. மூன்று நதிகள் கூடுகிற இடமாதலால் அக்கரையில் உள்ள ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். பொங்கலை ஒட்டிக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக இந்தக் குன்றுக்கு எழுந்தருளுகிறார். பிறகு அக்கரைக்கும் போகிறார். வழியெல்லாம் ஊருக்கு ஊர் மண்டகப்படி, கோலம், தீபாராதனை. இந்தச் சாலையில் அவசரப்படாமல் பிரயாணம் செய்கிற பிரயாணி அவர் ஒருவர்தான் என்று சொல்லவேண்டும்!

திருமுக்கூடலில் உள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலை அவசியம் பார்த்துவிட்டுப் போங்கள். பிராகாரத்துச் சுவரில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசன் செய்த போர்களைப் பாடிவிட்டு, அது மெல்ல ஒரு வீட்டுக் கணக்குப் புத்தகமாக மாறிவிடுகிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு பாடசாலை, மாணவர்களுக்கு விடுதி, கூடவே ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி. அதில் பதினைந்து படுக்கைகள். ஒரு வைத்தியர், ரண சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் இருவர். யாருக்கு எவ்வளவு சம்பளம், என்னென்ன மருந்துகள் இருப்பில் இருக்கவேண்டும் என்றெல்லாம் கல்லிலே பதிந்திருக்கிறது.

சாலை என்ற சொல்லே நம் முன்னோருக்கு வெறும் வழியாக மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அறச்சாலை, பாடசாலை, ஆதுலர் சாலை என்று பிறருக்கு உபகாரமான இடங்களுக்கெல்லாம் அதே பெயர்தான். அந்த அர்த்தத்தில் இந்தச் சாலை இன்னும் சாலையாக இருக்கிறதா? அதைத்தான் இனிமேல் பார்க்கவேண்டும்.

நவாபின் ஊரில் லாரிகளின் ராஜ்யம்

ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது வாலாஜாபாத். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினிப் பட்டாளம் தங்கிய பாளையம். இப்போது வேறொரு பட்டாளம் அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

வண்டலூரிலிருந்து ஒரகடம் தொழிற்பேட்டை வழியாக வருகிற சாலை இங்கே வந்து சேருகிறது. மோட்டார்த் தொழிற்சாலைகள் செய்து அனுப்பும் கார்கள் நீளமான லாரிகளில் அடுக்கப்பட்டு, வாலாஜாபாத் ரயில் நிலையத்துக்கு வந்து ரயிலேறி வடநாட்டுக்குப் போகின்றன. இன்னொரு பக்கம், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கல் குவாரிகளிலிருந்து ஜல்லியும் கல் மணலும் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் வருகின்றன. சென்னையில் எழும்புகிற மாடிகளுக்குத் தேவையான கல்லெல்லாம் இப்படித்தானே போகவேண்டும்? இவற்றோடு தெற்கேயிருந்து சென்னையைத் தவிர்க்க விரும்பும் சரக்கு லாரிகளும், யாத்திரை வேன்களும், நம்மைப் போன்ற குடும்பத்துக் கார்களும்.

இத்தனைக்கும் நடுவில் வாலாஜாபாத்தும், முத்தியால்பேட்டையும், அய்யம்பேட்டையும் ஊர்களாக இருந்து வாழ்ந்தாக வேண்டும். அய்யம்பேட்டை நெசவாளர் ஊர். தறியின் ஓசைக்குப் பழகிய காது, லாரியின் ஹாரனுக்குப் பழகவேண்டியிருக்கிறது. காலையில் கோலம் போடுகிற வாசலுக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் பல வீடுகளில் நாலு முழம்கூட இல்லை. ஜல்லித் தூசி படியாத கொடித் துணி அபூர்வம். ஊரின் ஒரு பாதி சாலைக்கு இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம். ரேஷன் கடை இந்தப் பக்கம் இருந்தால் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்! குழாயடிக்கும், பால் சொசைட்டிக்கும், பஸ்ஸுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சாலையைக் குறுக்கே கடக்கவேண்டும்? அதில் பெரும்பாலான தடவைகள் கடப்பவர்கள் யார்? பெண்களும் குழந்தைகளும்தான்.

சுற்று வழிக்கு ஒரு சுற்று வழி

வாகனங்கள் பெருகினால் சாலையை அகலப்படுத்துவது ஒரு வைத்தியம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரையிலான பகுதி, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு நடக்கிற சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே திட்டத்தில் காஞ்சிபுரம் ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போக ஒரு புறவழிச் சாலையும் உண்டு. சென்னையைச் சுற்றிப் போகும் வழியில் காஞ்சிபுரம் ஒரு நெருக்கடி. ஆகவே சுற்று வழிக்கே ஒரு சுற்று வழி! நாளைக்கு அந்தச் சுற்று வழியில் வீடுகளும் கல்யாண மண்டபங்களும் முளைத்தால், அதற்கு ஒரு சுற்று வழி தேவைப்படலாம். வெங்காயத்தை உரித்த கதைதான்.

காஞ்சிபுரத்தின் நெருக்கடியையும் குறை சொல்வதற்கில்லை. தேரோடும் வீதிகளாக அமைந்த ஊர் அது. டிரெய்லர் லாரி ஓடுவதற்காக அமைந்தது அல்ல. 2019-ல் அத்தி வரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு குளத்திலிருந்து எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் தரிசனம் கொடுத்தபோது, ஊரைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் வாகனங்கள் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, புறவழிச் சாலையின் அவசியத்தை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் புடவை வாங்க வருகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. புறவழியிலே வண்டி பறந்துவிட்டால், நெசவாளர் வீதி உங்கள் கண்ணில் படாது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக நெய்து, பிரிக்க முடியாதபடி கோத்து இணைக்கிற 'கோர்வை' வேலையைத் தறியருகே நின்று ஒரு தடவையாவது பார்த்தால், விலையைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டீர்கள். ஊருக்கு ஒதுங்கின சாலை வாகனத்துக்கு நல்லது. ஊருக்குள் திரும்பிப் பார்ப்பது மனிதர்களுக்கு நல்லது. இரண்டுக்கும் வழி வைத்துக்கொள்ளலாம்.

அகலப்படுத்துகிறபோது முதலில் போகிறவை மரங்கள். நம் நாட்டுச் சாலைகளில் புளியமரங்கள் வெறும் நிழலுக்காக நிற்கவில்லை. அவற்றின் மகசூலை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடுவது வழக்கம். நிழலும் கொடுத்து, நம் ரசத்துக்குப் புளியும் கொடுத்து, அரசாங்கத்துக்குப் பணமும் கொடுத்த மரங்கள்! ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடவேண்டும் என்கிறார்கள். நட்டாலும், பேரன் பேத்திகள் காலத்தில்தான் அந்த நிழலில் கட்டுச்சாதம் அவிழ்க்கலாம்.

குன்றுக்கு அருகில்

காஞ்சிபுரத்தைத் தாண்டி, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தால், மறுபடியும் வயலும் ஏரியுமாகப் பிரயாணம் சுகப்படுகிறது. ஆனால் இந்த அமைதியும் எத்தனை நாளைக்கோ? சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கென்று 2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நிலத்தையும் ஏரியையும் விட மாட்டோம் என்று அங்குள்ள கிராமத்து ஜனங்கள் போராட்டம் நடத்தினார்கள். பட்டணத்தை ஒதுக்கிவிட்டு நாம் போகிறோம். பட்டணமோ நம்மைத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது!

அரக்கோணம் ரயில்களின் ஊர். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திருத்தணிக் குன்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்பார்கள். இந்தத் தாலுக்கா ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சென்னையிலிருந்து திருப்பதி போகிற நெடுஞ்சாலையும் இங்கேதான் வருகிறது. முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைச் சுற்றி வந்தவர்களும், ஒரு பக்கத்தோடு முடித்துக்கொண்டவர்களும் திருத்தணியில் ஒன்றுகூடி, நகரி, புத்தூர் வழியாக ஏழுமலையானை நோக்கிப் போகிறார்கள்.

நாலு நிமிஷக் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. பால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

நான்கு வழிச் சாலையின் ஒரு பக்கம் ஏழு மீட்டர் அகலம். இடுப்பில் குடமும் கையில் குழந்தையுமாக ஒரு பெண் அதைக் கடக்க ஏறக்குறைய ஏழு விநாடி ஆகும். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடிக்கு இருபத்திரண்டு மீட்டர் வருகிறது. ஏழு விநாடியில் நூற்றைம்பது மீட்டருக்கு மேல்! அதாவது, அவள் தார்ச் சாலையில் கால் வைக்கிறபோது, நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருக்கிற காரைப் பார்த்து, அதன் வேகத்தை மனத்துக்குள் அளந்து, போகலாமா கூடாதா என்று முடிவு செய்யவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற எட்டு வயதுக் குழந்தையும் இதே கணக்கைப் போட்டாகவேண்டும். தப்பாகப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போட முடியாத கணக்கு அது.

நடுவில் தடுப்புச் சுவர் வைத்துவிட்டால் ஆபத்து குறையும் என்று தோன்றும். வாகனத்துக்கும் வாகனத்துக்கும் மோதல் குறைவது வாஸ்தவம். ஆனால் எதிரே கண்ணுக்குத் தெரிகிற பஸ் நிறுத்தத்துக்குப் போக, தடுப்பில் திறப்பு இருக்கிற இடம் வரை நடந்து போய்த் திரும்பவேண்டும். தலையில் புல்லுக்கட்டு இருக்கிறவளுக்கு அத்தனை தூரம் நடக்கப் பொறுமை இருக்குமா? சுவரைத் தாண்டிக் குதிப்பாள். பட்டணத்தார் சுற்று நடைக்குச் சோம்பி இந்தச் சாலைக்கு வந்தார்கள். அவளை மட்டும் சுற்றிப் போகச் சொல்வது என்ன நியாயம்? ஊருக்கு ஊர் பாதசாரிகள் கடக்கத் தக்க இடமும், அங்கே வண்டியைத் தணிக்கிற வேகத்தடையும், இரவில் விளக்கும் அமைப்பது அகலப்படுத்துகிறவர்களின் கடமை. ரோடு போட்டு முடித்த பிறகு யோசிக்கிற விஷயமாக அது இருக்கக்கூடாது.

நம் கடமை என்ன? கணக்கின் மறு பாதியைப் பாருங்கள். வழியில் பத்து ஊர்கள், ஒவ்வொன்றும் அரைக் கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஐந்து கிலோமீட்டர். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க மூன்றே முக்கால் நிமிஷம். நாற்பதாகக் குறைத்துக்கொண்டால் ஏழரை நிமிஷம். வித்தியாசம் நாலு நிமிஷம்கூட இல்லை! ஜனங்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் முப்பதுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டு முப்பதில் போனால்கூட, கூடுதலாக ஆகிறது ஆறேகால் நிமிஷம்தான். ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடிக்கிற நேரம்.

எதிர்பாராதது நடந்துவிட்டால் உதவிக்கு இன்றைக்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. செங்கல்பட்டில் 1965-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கிற திட்டம் 2021 டிசம்பரில் இதே மாவட்டத்தில், மேல்மருவத்தூரில், தொடங்கி வைக்கப்பட்டது. திருமுக்கூடலில் பதினைந்து படுக்கை போட்டு வைத்த தர்மத்தின் தொடர்ச்சி என்றே இதைச் சொல்லலாம். அடிபட்டவரைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். ஆனால் ஆஸ்பத்திரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒருவரை அங்கே அனுப்பாமல் இருப்பது அதைவிட நல்லது அல்லவா?

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் வேறு யாராகவாவது இருக்கலாம். ஆனால் வண்டிக்குள்ளே பேச்சைப் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான்! "ஊர் வருகிறது, கொஞ்சம் மெள்ளப் போகட்டுமே" என்று நீங்கள் சொன்னால் கேட்காத சாரதி இருக்க முடியாது. பாலூரில் ஒரு தடவை சொல்லுங்கள். வாலாஜாபாத்தில் ஒரு தடவை சொல்லுங்கள். அய்யம்பேட்டை வருவதற்குள் அவருக்கே பழகிவிடும்.

பட்டணத்தை ஒதுக்கி இந்த வழியே வந்ததில் நமக்கு ஒரு மணி நேரம் மிச்சம் என்றால், அந்த நேரத்தை நமக்குக் கொடுத்தவை இந்த ஊர்கள்தான். தங்கள் வாசலையும், மரத்து நிழலையும், குழந்தைகள் விளையாடின தெருவையும் கொடுத்திருக்கின்றன. பதிலுக்கு அவை நம்மிடம் கேட்பது நாலு நிமிஷம். கொடுத்துவிட்டே போகலாம்.